எச்.பி. ஒன்றுதான், இழுவை ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் மோட்டார் வாங்குவது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எர்த் போடுவது பற்றியும் கரண்ட் பில்லைக் குறைப்பது பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: 'ஆர்.பி.எம். கூடக்கூட மோட்டாரின் இழுவையும் கூடும்.' அந்த வரி தவறு. ஆர்.பி.எம். என்பது மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. காரைக்குடி செக்காலையில் முப்பத்தொரு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டி வருகிறேன். இப்படி நம்பி மோட்டார் வாங்கியவர்கள் அது கருகியதும் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்குத்தான் வருகிறார்கள். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். முழுவதும் வெளியிட இடமில்லை என்றாலும் அந்த ஒரு வரிக்குத் திருத்தமாவது போடுங்கள்.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். கல்யாணம், சாந்தி என்றால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆர்டர் வரும். கந்தரப்பத்துக்கும் வெள்ளைப் பணியாரத்துக்கும் மாவு அரைக்கப் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வைத்திருக்கிறார். அதில் பதினாலு வருடம் உழைத்த மோட்டார் ஷாஃப்ட் தேய்ந்து நின்றுவிட்டது. ஒரு கடையில் போய்ப் புது மோட்டார் கேட்டிருக்கிறார். பழையது ஒரு எச்.பி. (குதிரைத்திறன்), 1440 ஆர்.பி.எம். கடையில் எடுத்துக் கொடுத்தது ஒரு எச்.பி., 2880 ஆர்.பி.எம். 'எச்.பி. அதேதான் ஆச்சி, இது டபுள் ஸ்பீடு. இழுவையும் கூட, நேரமும் பாதி' என்று சொல்லியிருக்கிறார்கள். விலையும் கொஞ்சம் குறைவு. பழைய புல்லியே ஷாஃப்டில் ஏறிவிட்டதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நாலாம் நாள், முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம், ஊறிய அரிசியும் உளுந்தும் உரலில் கிடக்க, மோட்டார் முக்கிக்கொண்டு நின்று புகைந்தது.

"வேகமா ஓடும்னுதானே தம்பி வாங்குனேன். முத மூணு நாளும் மாவு செவரெல்லாம் தெறிச்சுது. இன்னைக்கு நகரவே மாட்டேங்குது" என்றார். அன்று ராத்திரி பக்கத்து வீட்டுக் கிரைண்டரை இரவல் வாங்கி அரைத்து முடித்திருக்கிறார்.

மோட்டாரைத் திறந்து பார்த்தேன். ரன்னிங் காயில் நிறம் மாறாமல் இருந்தது. ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கரிக்கட்டை. கண்டன்சர் உப்பி வெடித்திருந்தது. இந்த அடையாளத்தைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். ஸ்டார்ட்டிங் காயில் கிளப்பிவிடுவதற்கு மட்டும் உள்ளது. வேகம் முக்கால் பங்கை எட்டியதும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். அன்று இந்த மோட்டார் அந்த முக்கால் வேகத்தை எட்டவே இல்லை. சில விநாடி மட்டும் தாங்கக்கூடிய காயில் நிமிடக்கணக்கில் கரண்ட் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நின்றுபோன மோட்டார் சாதாரணமாக எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஆம்ப்ஸ் எடுக்கும். காயிலில் பிறக்கும் சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. ஆறு மடங்கு ஆம்ப்ஸ் என்றால் முப்பத்தாறு மடங்கு சூடு. காயில் கம்பிக்குக் காப்பாகப் பூசும் எந்த வார்னிஷும் அதற்குத் தாக்குப்பிடிக்காது.

சரி, எச்.பி. மாறவில்லையே, இழுவை ஏன் குறைந்தது? இழுவை என்று நாங்கள் பட்டறையில் சொல்வதைப் பாடப்புத்தகத்தில் முறுக்குவிசை என்று போட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் இருக்கும் பர்மா தேக்கு நிலைக்கதவை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு சின்னப் பிள்ளைகூடத் திறந்துவிடும். கீல் பக்கம் கை வைத்துத் தள்ளினால் பெரியவருக்கும் மூச்சு வாங்கும். தள்ளும் பலத்தையும், சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தள்ளுகிறோம் என்பதையும் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். ஷாஃப்டில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைக் கட்டி அதன் நுனியில் நூறு கிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ ஒரு நியூட்டன் மீட்டர்.

எச்.பி. என்பது இழுவையும் வேகமும் சேர்ந்த பெருக்கல் கணக்கு. பெருக்கி வரும் தொகை ஒன்றாகவே இருந்து, ஒன்று இரட்டித்தால் மற்றது பாதியாகத்தானே வேண்டும்? ஒரு எச்.பி. என்பது 746 வாட். அதை ஆர்.பி.எம்.மால் வகுத்து 9.55ஆல் பெருக்கினால் முறுக்குவிசை வந்துவிடும். 1440க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். 2880க்குப் போட்டால் இரண்டரை. பழைய மோட்டார் குச்சி நுனியில் அரைக் கிலோ தூக்கியது, புதியது கால் கிலோதான் தூக்கும். நேம் பிளேட்டில் இரண்டுக்கும் ஒரு எச்.பி. என்றுதான் இருக்கிறது, அதில் பொய்யும் இல்லை.

ஆச்சியின் கிரைண்டரில் பெல்ட்டும் கியருமாகச் சேர்ந்து வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கின்றன. உரல் நிமிடத்துக்கு 144 சுற்று சுற்றியது. வேகம் பத்தில் ஒன்றாகும்போது, தேய்மானத்தில் போவது போக, இழுவை பத்து மடங்காகும். உரலுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான நியூட்டன் மீட்டர் கிடைத்துக்கொண்டிருந்தது. புது மோட்டாரில் உரல் 288 சுற்று சுற்ற வேண்டியதாயிற்று, கிடைத்த இழுவை பாதி. ஆனால் குழவிக்கும் உரலுக்கும் நடுவில் கிடக்கும் கெட்டி மாவு, வேகம் கூடியதற்காக எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ளுமா? அது கேட்கும் இழுவை ஏறத்தாழ அப்படியே நிற்கும். அதே இழுவையில் இரண்டு மடங்கு வேகம் என்றால் இரண்டு எச்.பி. வேலை. ஒரு எச்.பி. மோட்டாரை இரண்டு எச்.பி. வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் தாங்கியதே அதிகம். மாவு சூடேறிப் பணியாரம் உப்பாமல் போனது பற்றி ஆச்சிக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இதில் இன்னொரு விஷயம். ஒரே எச்.பி.யில் 2880 மோட்டாரையும் 1440 மோட்டாரையும் கையில் தூக்கிப் பாருங்கள். 1440 கனமாக இருக்கும். 960 கிடைத்தால் அது இன்னும் கனம். மோட்டாரின் இரும்பும் செம்பும் பெரும்பாலும் இழுவைக்குத்தான் செலவாகின்றன. எச்.பி. மாறாமல் வேகத்தைக் கூட்டினால் சின்ன உடம்பே போதும். ஆச்சிக்கு அந்த மோட்டார் விலை குறைவாகக் கிடைத்ததற்குக் காரணமும் இதுதான்.

இப்போது மோட்டார் வகைகளுக்கு வருகிறேன். வேகத்துக்கும் இழுவைக்கும் உள்ள உறவு எல்லா மோட்டாருக்கும் ஒன்றுபோல இல்லை. உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை.

கிரைண்டர், மாவு மில், கிணற்றுப் பம்பு எல்லாவற்றிலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் காயிலை நான்கு போலாக, அதாவது நான்கு காந்த முனையாகக் கட்டினால், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். இரண்டு போலாகக் கட்டினால் 3000, ஆறு போலானால் 1000. உள்ளே சுழலும் ரோட்டார் அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது. எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டாரில் கரண்ட் பிறக்காது, இழுவை பூஜ்யம். அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். 1500க்கும் 1440க்கும் நடுவில் உள்ள அந்த 60 சுற்றில்தான் அதன் இழுவையே இருக்கிறது. லோடு கூடினால் 1440லிருந்து 1420க்கு இறங்கும், இழுவை கூடும். வேகம் சிறிதளவு குறைந்தாலே இழுவை பெரிதாக ஏறிவிடும். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இது முழு லோடைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் போகும். ஆனால் அதற்கு ஓர் உச்சி உண்டு. உச்சியைத் தாண்டி லோடு ஏறினால் இழுவையும் விழும், வேகமும் விழும், மோட்டார் நின்றே போகும். ஐ.டி.ஐ.யில் எங்கள் ஆசிரியர் இந்த வளைவைக் கரும்பலகையில் வரைந்து, உச்சிக்கு இடது பக்கம் சிவப்புச் சாக்பீஸால் தீட்டி, 'இந்தப் பக்கம் மோட்டாரை ஓடவிட்டால் உனக்கு வேலை வரும், வாங்கினவனுக்கு நஷ்டம் வரும்' என்றார்.

சிங்கிள் ஃபேஸில் இன்னொரு சிக்கல். ஒரே ஃபேஸில் புலம் சுற்றாது, முன்னும் பின்னும் துடிக்கும். நின்ற நிலையில் இழுவை என்பதே கிடையாது. யாராவது கையால் ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு ஓடும். கண்டன்சர் போன ஃபேனைக் குச்சியால் தட்டி ஓடவிடுவது இதனால்தான். அந்தத் தள்ளும் வேலையைக் கண்டன்சரும் ஸ்டார்ட்டிங் காயிலும் செய்கின்றன. சீலிங் ஃபேனில் இரண்டரை மைக்ரோஃபாரட் கண்டன்சர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கும். இந்த வகை கிளம்பும்போது கொடுக்கும் இழுவை முழு லோடு இழுவையைவிடக் குறைவு. ஃபேனுக்கு அது போதும், நின்ற காற்று எதிர்ப்பதில்லை. கண்டன்சர் ஸ்டார்ட் மோட்டாரோ கிளம்பும்போதே இரண்டு மூன்று மடங்கு இழுவை கொடுக்கும். அதே ஒரு எச்.பி., அதே 1440, ஆனால் மாவோடு கிளம்புமா கிளம்பாதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. கடையில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

லோ வோல்டேஜ் பற்றியும் சொல்ல வேண்டும். லைன் கடைசியில் உள்ள ஊர்களில் கோடைச் சாயங்காலம் 230 வோல்ட் 180க்கு இறங்குவதை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். இண்டக்‌ஷன் மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப விழும். 180 வோல்ட்டில் நூற்றுக்கு அறுபத்தொரு பங்குதான் மிஞ்சும். ஃபேனில் காற்று குறைவதைக் கண்ணால் பார்க்கிறோம். கிரைண்டரில் அது தெரியாது, ஒருநாள் நின்ற பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் அரைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் காலி உரலை ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைப் போடச் சொல்வேன். ஆச்சியும் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

மிக்ஸியின் கதை வேறு. அதில் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷும் வைத்த சீரிஸ் மோட்டார். ரோட்டார் காயிலும் ஸ்டேட்டர் காயிலும் ஒரே கரண்டில் வரிசையாகச் சேர்ந்திருக்கும். லோடு ஏறினால் வேகம் சட்டென்று இறங்கும், கரண்ட் ஏறும், இழுவை கரண்டைவிட வேகமாக ஏறும். லோடை எடுத்துவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். காலி ஜாரில் அலறுகிற மிக்ஸி விரலி மஞ்சளைப் போட்டதும் குரல் இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். சத்தம் இறங்கிய அந்த நொடியில் இழுவை அதிகம். அந்தக் காலத்து மின்சார ரயில்களில் இந்த வகையை வைத்ததற்கும் இதுவே காரணம். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே, நின்ற ரயிலை நகர்த்த வேண்டிய பெரும் இழுவையைத் தந்தது டி.சி. சீரிஸ் மோட்டார்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: பெரிய சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஓடவிடவே கூடாது. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சரே சிதறிவிடும். மிக்ஸியில் அந்த அபாயம் இல்லை, அதன் ஃபேனும் உராய்வுமே ஒரு லோடு.

ஆனால் 750 வாட் மிக்ஸி இருக்கும்போது 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பதினெட்டாயிரம் சுற்றில் ஓடும் மிக்ஸியின் ஷாஃப்டில் அரை நியூட்டன் மீட்டர்கூடத் தேறாது. அது பிளேடின் வேகத்தால் வெட்டுகிற இயந்திரம், கல்லை உருட்டுகிற இயந்திரம் வேறு. கெட்டி உளுந்தைப் போட்டு அழுத்தினால் வேகம் விழுந்து, குளிர்விக்கும் ஃபேனும் மெதுவாகி, அடியில் இருக்கும் சிவப்புப் பட்டன் வெளியே வந்து நிற்கும். அந்தப் பட்டன் நம் நன்மைக்கு. அதை ஒயர் போட்டு நேராக இணைத்துக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்புறம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். இதில்தான் உங்கள் கட்டுரையின் வரி அதிகம் பேரைத் தவறாக வழிநடத்தும். சக்கரத்திலேயே மோட்டார் இருந்தாலும், பெல்ட் போட்டு இழுத்தாலும், அதில் நிலைக்காந்தம் வைத்த மோட்டார்தான் பெரும்பாலும் இருக்கும். கார்பன் பிரஷ் செய்த வேலையைக் கண்ட்ரோலர் செய்கிறது. நின்ற இடத்திலேயே இதற்கு முழு இழுவை உண்டு. சக்கரம் சுற்றச்சுற்ற மோட்டாரே ஒரு டைனமோவைப் போல எதிர் வோல்டேஜ் உண்டாக்கும். அது ஏற ஏற, கரண்டை உள்ளே தள்ளப் பேட்டரிக்குக் கிடைக்கும் மீதி வோல்டேஜ் குறையும். ஒரு வேகம் வரை கண்ட்ரோலர் சமாளித்து இழுவையை நிலையாக வைத்திருக்கும். அதற்கு மேல் இழுவை இறங்கத்தான் செய்யும்.

காயில் கட்டுகிறவனாக ஒன்று சொல்கிறேன். அதே மோட்டாரில், அதே ஸ்லாட்டில் சுற்று எண்ணிக்கையைப் பாதியாக்கிக் கம்பியின் தடிமனைக் கூட்டிக் கட்டினால் உச்ச வேகம் இரட்டிக்கும். ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவை பாதியாகிவிடும். இதிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. உச்ச வேகத்தைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் வண்டி, பின்னால் ஆளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு செம்மண் தடத்தில் இழுக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. பேட்டரிக்கு ஆராய்ச்சி நடக்கும் ஊர் எங்களுடையது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நாங்கள் சிக்ரி என்போம். இங்கே டீக்கடையில் பேட்டரி பற்றிக் கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். மோட்டார் என்றால் எல்லோரும் உச்ச வேகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2880 மோட்டாரைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. போர்வெல் சப்மெர்சிபிள் பம்புக்கு அதுதான் சரி. தண்ணீர் கிளம்பும்போது கிட்டத்தட்ட எதிர்ப்பே கொடுக்காது. அது கேட்கும் இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும், எச்.பி. வேகத்தின் கனமாக (மூன்றாம் அடுக்காக) ஏறும். அங்கே வேகம் வேண்டும். பெரிய மோட்டார்களுக்கு, காயில்களை முதலில் ஸ்டார் என்ற முறையில் இணைத்துக் கிளப்பி, பிறகு டெல்டா முறைக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போடும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டாரில் கிளம்பும்போது இழுவை மூன்றில் ஒரு பங்குதான். பம்பு கிளம்பிவிடும், அரிசி நிறைந்த மில் கிளம்பாது.

எங்கள் தெருப் பெயரிலேயே செக்கு இருக்கிறது. மாட்டுக்குப் பதிலாக மோட்டார் வைத்து மரச்செக்கு ஓட்டுகிற நண்பர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். மூன்று எச்.பி., 1440 மோட்டார். கியர் பாக்ஸ் வழியாக இறங்கி, உலக்கை நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று சுற்றுகிறது. வேகம் நூற்றிருபதில் ஒன்று. மோட்டார் ஷாஃப்டில் 15 நியூட்டன் மீட்டராக இருப்பது, கியரில் போகிற நஷ்டத்தைக் கழித்தும், உலக்கையில் ஆயிரத்துக்கு மேல் நிற்கிறது. மோட்டாரைவிடக் கியர் பாக்ஸுக்குத்தான் அவர் அதிகம் செலவழித்தார். எள்ளும் கடலையும் நசுங்குவதற்கு அந்தச் செலவு தேவைதான்.

ஆச்சிக்குக் கண்டன்சர் ஸ்டார்ட், ஒரு எச்.பி., 1440 மோட்டாராகத் தேடி வாங்கி மாட்டிக் கொடுத்தேன். கருகிய 2880க்குக் காயில் கட்டி, அதைத் தோட்டத்துப் பம்புக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அன்றைய ஆர்டரில் அவருக்குக் கெட்ட பெயர் வந்ததைத்தான் சரிசெய்ய முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கிரைண்டர், பம்பு, ஸ்கூட்டர் மோட்டார்களை ஒப்பிட்டு அட்டவணை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். எச்.பி., விலை என்ற இரண்டு கட்டத்தோடு அதை நிறுத்திவிடாதீர்கள். முழு லோடில் என்ன வேகம், அந்த வேகத்தில் எத்தனை நியூட்டன் மீட்டர், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எத்தனை என்று மூன்று கட்டங்கள் சேருங்கள். இரண்டாவதை மேலே சொன்ன 9.55 கணக்கில் நீங்களே போட்டுவிடலாம். மூன்றாவதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர்,
செக்காலை, காரைக்குடி.